ஹன்னாவின் நூல்
(பொட்டக்கெற் கொல்லர் குடும்பம் ஒன்றின் வரலாறு)

எம்மில் அறுபது வயதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும் தையல் வகுப்பை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டார். வெள்ளைத் துணித்துண்டொன்றில் நூலோட்டம், ஓரம் மடித்தல், தெறி ஓட்டை, ஒட்டுப் போடுதல் என்று வரிசையாகத் தைத்து, கோணினால் பிரித்து, மறுபடி தைத்து, வியர்வையில் பழுப்பேறிய அந்தத் துண்டைத் தவணை முடிவில் ரீச்சரிடம் கொடுப்போம். சாமான்கள் எல்லாம் ஒரு பழைய பிஸ்கற் பேணிக்குள் இருக்கும். ஊசி, விரலுறை, கத்தரிக்கோல், பூவேலைக்கு நங்கூர முத்திரை நூல் இரண்டு மூன்று நிறத்தில், இவற்றோடு வெள்ளை நூற்கட்டை ஒன்று. பெரும்பாலும் அது கோற்ஸ் நூலாகவே இருக்கும். ஸ்கொட்லாந்திலுள்ள பெய்ஸ்லி என்ற ஊரின் நூல் அது என்று ரீச்சர் சொல்லியிருப்பார். அதற்கு அப்பால் நாம் ஒன்றும் கேட்டதில்லை.

தைக்கும் நூல் பருத்தியில் இருப்பது இயல்பான சங்கதி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தையலுக்குச் சணல் போன்ற ஃபிளாக்ஸ் செடியின் நாரில் முறுக்கிய லினன் நூலையே பாவித்தார்கள். வசதியுள்ளவர்களிடம் பட்டு நூல் இருந்தது. பருத்தி இழை அறுந்துபோகும், பஞ்சு பறக்கும், ஊசிக் காதில் நில்லாது என்பது பொதுவான எண்ணம். பெய்ஸ்லியில் கிளார்க் குடும்பத்தார் பருத்தித் தையல் நூல் ஆலை வைத்தது 1812இல். அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்னதாகவே, அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு மறுகரையில் ஒரு கொல்லர் வீட்டில், இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் அதைச் செய்து பார்த்துவிட்டாள். நூற்றாண்டு மலருக்கு எழுதும்படி கேட்கப்பட்டபோது எம் நினைவுக்கு முதலில் வந்தது அவளும் அவளுடைய குடும்பமும்தான். காரணத்தைப் போகப்போகச் சொல்கிறோம்.

ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்களுள் மிகச் சிறியது ரோட் ஐலண்ட். அங்கே பிளாக்ஸ்ரன் ஆறு பாறைகளில் விழுந்து கடலை நோக்கி ஓடும் இடத்தில் உள்ள ஊர் பொட்டக்கெற். அந்தப் பெயர் அம்மண்ணின் பூர்வகுடி மக்களின் மொழியில் நீர்வீழ்ச்சியைக் குறிப்பது. விழும் தண்ணீர் இருக்கும் இடத்தில் சக்கரம் சுழலும். சக்கரம் சுழலும் இடத்தில் கொல்லனுக்கு வேலை இருக்கும். 1780களின் முற்பகுதியில் ஸ்மித்பீல்டிலிருந்து மனைவி லிடியாவோடும் பிள்ளைகளோடும் இங்கு வந்து பட்டறை போட்டவர் ஒஸியல் வில்கின்சன். 1744இல் பிறந்தவர். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். ஆடம்பரமற்ற உடையும் பேச்சும், சத்தியம் செய்யாமை, ஆயுதம் எடாமை முதலிய கட்டுப்பாடுகளோடு வாழ்ந்த மக்கள் அவர்கள். ஆணி, மண்வெட்டி, நங்கூரம், எண்ணெய் பிழியும் செக்குகளுக்கான பெரிய இரும்புத் திருகுகள் என்று அவர் பட்டறையில் செய்யாத இரும்புச் சாமான் குறைவு. ஏபிரகாம், ஐசாக் என்ற இரட்டையர், டேவிட், டானியல், ஸ்மித் என்று ஐந்து ஆண்பிள்ளைகள், பெண்பிள்ளைகளும் பலர். ஆண்பிள்ளைகள் எல்லோரும் துருத்தி ஊதியே வளர்ந்தார்கள். பெண்பிள்ளைகளுள் ஒருத்தி 1774 டிசெம்பரில் பிறந்த ஹன்னா.

1790 தை மாதம் இந்த வீட்டுக்கு ஒரு வாடகை விருந்தாளி வந்தான். பெயர் சாமுவேல் ஸ்லேற்றர், வயது இருபத்தொன்று. இங்கிலாந்தின் டார்பிஷயரில் பெல்பர் என்ற ஊரில் பிறந்தவன். ஆர்க்ரைற்றின் கூட்டாளியாக இருந்த ஜெடடயா ஸ்ற்றட்டின் நூற்பாலையில் தொழில் பழகியவன். அக்காலத்தில் பஞ்சாலை இயந்திரங்களையோ வரைபடங்களையோ, அவற்றை அறிந்த தொழிலாளரையோ நாட்டை விட்டு வெளியேற விடுவதில்லை என்று இங்கிலாந்தில் சட்டம் இருந்தது. ஆகவே அவன் ஒரு தாளும் கொண்டுவரவில்லை. கமக்காரப் பையன் போல உடுத்திக்கொண்டு, பழகுநர் ஒப்பந்தப் பத்திரத்தை மாத்திரம் மறைத்து வைத்துக்கொண்டு, மிகுதி அனைத்தையும் தலைக்குள் வைத்துக் கப்பலேறினான். பெல்பர் மக்கள் அவனைத் துரோகி என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் அதில் பிழை சொல்ல முடியாது.

நியூயோர்க்கில் இறங்கியவனுக்கு, ரோட் ஐலண்டில் மோசஸ் பிரவுண் என்ற குவேக்கர் வணிகர் பருத்தி நூற்கும் பொறிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி எட்டியது. கடிதம் எழுதினான், வரச்சொல்லிப் பதில் வந்தது. பொறிகளைக் கண்டதும், இவை உதவா, புதிதாகவே செய்ய வேண்டும் என்று அவன் சொல்லிவிட்டான். இலாபத்தில் பாதி என்று 1790 ஏப்ரிலில் ஒப்பந்தம் ஆயிற்று. மரவேலைக்கு சில்வேனஸ் பிரவுண் என்ற தச்சர். இரும்பு வேலைக்கு ஒஸியலும் மகன் டேவிட்டும். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஒஸியலின் வீடு.

வரலாற்றுப் புத்தகங்கள் இந்த இடத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுகின்றன. எமக்கோ இங்கேதான் கண் நிற்கிறது. ஓர் ஆலை ஒருவனுடைய ஞாபகத்தால் மட்டும் எழும்பிவிடாது. நீரால் இயங்கும் நூற்புப் பொறியில் பஞ்சுத் திரி சோடி சோடியான உருளைகளுக்கிடையே செல்லும். ஒவ்வொரு சோடியும் முன்னதைவிட விரைவாகச் சுழல்வதால் திரி இழுபட்டு மெலியும். பின்னர் கதிர் அதை முறுக்கிச் சுற்றிக்கொள்ளும். அந்த உருளைகள் மயிரளவு கோணினாலும் இழை அறும். அவ்வளவு துல்லியமாக இரும்பைக் கடைந்து கொடுப்பதற்கு வில்கின்சன் பட்டறை இல்லாதிருந்தால், அந்த ஆங்கிலேய வாலிபன் நியூயோர்க்குக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டியதுதான்.

அப்படித் திரும்பும் நிலை ஒருமுறை உண்மையிலேயே வந்தது. எல்லாம் பூட்டி முடிந்தபின் பஞ்சு வாரும் பொறி வேலை செய்யவில்லை. பஞ்சு பற்களை விட்டுக் கழன்று வராமல் உருண்டு திரண்டு நின்றது. ஸ்லேற்றர் அடுப்பங்கரையில் தலையைச் சாய்த்துப் பெருமூச்சு விட்டபடி நின்றானாம். சுகமில்லையா என்று கேட்டதற்கு, இது சரிவராவிட்டால் என்னை ஏமாற்றுக்காரன் என்று எண்ணுவார்களே என்று கலங்கினானாம். பிழை அவனுடைய ஞாபகத்தில் இருக்கவில்லை. மசாசூசெற்சின் லெஸ்ரர் ஊரில் பிளைனி ஏர்ள் என்பவர் தோலில் பதித்துக் கொடுத்த கம்பிப் பற்களின் வளைவில் இருந்தது. பற்களைத் தட்டி வளைத்துச் சரிசெய்ததும் பொறி ஓடியது. 1790 டிசெம்பர் 20ஆம் திகதி, துணி வெளுப்பவர் ஒருவரின் கொட்டிலில், நீர்ச்சக்கரத்தோடு இணைத்து முதல் நூல் இழுக்கப்பட்டது. அது கடுங்குளிர் மாதம். காலையில் சக்கரத்தில் படிந்த பனிக்கட்டியை உடைத்த பின்னரே அன்றைய வேலை தொடங்கும்.

முதல் தொழிலாளர் ஒன்பது பேர். ஏழு ஆண்பிள்ளைகள், இரண்டு பெண்பிள்ளைகள்; ஏழு வயது தொடக்கம் பன்னிரண்டு வயது வரை. இதை எழுதும்போது எம் கை தயங்குகிறது. அந்த ஒன்பது பேருள் ஒருவன் ஒஸியலின் கடைசி மகன் ஸ்மித், பத்தாவது வயதில் பஞ்சு வாரும் பொறிக்குப் பஞ்சு ஊட்டுபவனாகச் சேர்ந்தவன். சொந்தப் பிள்ளையையே அனுப்பியிருக்கிறாரே என்று ஒஸியலுக்காக வாதாடலாம். ஆனால் கொல்லரின் மகன் பின்னாளில் ஆலை முதலாளியானான். மற்றப் பிள்ளைகளுக்கு அந்த வழி திறக்கவில்லை. ஆலைச் சிறுவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்தும் வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஸ்லேற்றர் ஒரு பாடசாலை வைத்தார். வாரத்தில் ஆறு நாளும் விடியல் தொடக்கம் இருள்வரை வேலை செய்த பிள்ளைக்கு ஏழாம் நாளில் பாடம். அதையும் ஒரு கொடை என்றே அக்காலத்தவர் எழுதிவைத்தனர்.

இனி ஹன்னாவிடம் வருவோம். வாடகை விருந்தாளி வந்த முதல் நாளே அவனை அவள் கதவிடுக்கில் பார்த்தாள் என்று குடும்பத்தில் ஒரு கதை உண்டு. பார்த்திருக்கட்டும், பதினைந்து வயதுப் பிள்ளை பார்க்காமல் என்ன செய்வாள்! விஷயம் பெற்றோருக்குத் தெரிந்தபோது வீடு கலங்கியது. ஸ்லேற்றர் நல்லவன், உழைப்பாளி. ஆனால் குவேக்கர் அல்லன். சபைக்கு வெளியே மணம் செய்தால் சபை விலக்கிவிடும். எங்கள் ஊர்களில் இதைப் போன்ற பேச்சைக் கேளாதவர் யார்? தகப்பனும் தாயும் எடுத்த முடிவு, மகளைத் தூரத்துப் பாடசாலை ஒன்றின் விடுதிக்கு அனுப்பிவிடுவது. விடுதிச்சாலை இந்த வேலைக்கும் பயன்பட்டிருக்கிறது என்பதை எம் விடுதி நண்பிகள் சிலர் வாசித்துச் சிரிக்கக்கூடும். எங்கே அனுப்பினாலும் பின்னாலேயே வருவேன் என்று ஸ்லேற்றர் சொன்னதாகக் கேள்வி. பெற்றோர் இளகினார்கள். 1791 ஒக்ரோபர் 2ஆம் திகதி திருமணம் நடந்தது. ஹன்னாவுக்கு அப்போது பதினாறு வயது.

1793இல் ஆற்றங்கரையில் புதிய மர ஆலை எழும்பியது. அது இன்றும் நிற்கிறது. அதே ஆண்டில்தான் நூல் விஷயம் நடந்தது. தென்னமெரிக்காவின் சூரினாமிலிருந்து வந்த நீண்ட இழைப் பருத்தியில் ஸ்லேற்றர் மிகவும் வழுவழுப்பான நூல் இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். இருபதாம் இலக்க நூல். அதாவது ஓர் இறாத்தல் பஞ்சில் 840 யார் நீளமான கழிகள் இருபது கிடைக்கும் மென்மை. வெறும் நெசவு நூலாகவே அவர் அதைக் கண்டார். ஹன்னா வேறொன்றைக் கண்டாள். அவளும் ஒரு சகோதரியும் இரண்டு இழைகளைச் சேர்த்து இராட்டினத்தில் முறுக்கினார்கள். பின்னர் ஒரு துணியில் பாதியை இந்த நூலாலும் மீதியை லினன் நூலாலும் தைத்து இழுத்துப் பார்த்தார்கள். முதலில் அறுந்தது லினன்.

பரிசோதனை என்றால் இதுதான் பரிசோதனை. ஒரே துணி, ஒரே ஊசி, ஒரே கை. மாறுவது நூல் ஒன்றே. விஞ்ஞான வகுப்பில் நாம் படித்த ஒழுங்கு முழுவதும் அதில் இருக்கிறது. இரண்டு இழைகளை முறுக்கினால் ஏன் உறுதி கூடுகிறது என்பதும் சுலபமான விஷயமே. ஒற்றை இழையில் மெலிந்த இடம் எங்கோ ஓரிடத்தில் இருக்கும், அங்கே அறும். இரண்டைச் சேர்க்கும்போது ஒன்றின் மெலிவை மற்றதன் தடிப்பு தாங்கும். நூற்கும்போது கொடுத்த முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக இணைத்து முறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், சுருளாது. தாவணி ஓரம் முடிந்த கைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதற்கு ஹன்னாவுக்கு 1793இல் ஆக்கவுரிமை கிடைத்தது, அமெரிக்காவில் அதைப் பெற்ற முதற்பெண் அவளே என்று பல நூல்கள் கூறுகின்றன. பத்திரத்தில் இருந்த பெயர் ஹன்னா அன்று, 'திருமதி சாமுவேல் ஸ்லேற்றர்' என்றும் அவை சேர்த்துச் சொல்கின்றன. வேறு சிலர் இதை மறுக்கிறார்கள். 1836 டிசெம்பரில் வாஷிங்ரனின் ஆக்கவுரிமைக் காரியாலயம் தீப்பற்றி, அதுவரை வழங்கிய ஏறத்தாழப் பத்தாயிரம் பத்திரங்களின் மூலங்கள் சாம்பலாகிவிட்டன. ஆகவே எடுத்துக் காட்டுவதற்கு இன்று தாள் இல்லை. பெயர் பதிவாகி ஐயமின்றி நிற்கும் முதற்பெண் மேரி கீஸ். கொனெற்றிக்கட் மாநிலத்தின் கில்லிங்லி ஊரவர். வைக்கோலையும் பட்டையும் சேர்த்துத் தொப்பி பின்னும் முறைக்காக 1809 மே 5ஆம் திகதி உரிமை பெற்றவர். அவரும் அதனால் பொருள் சேர்க்கவில்லை. 1837இல் வறுமையில் காலமானார்.

1790ஆம் ஆண்டின் முதல் ஆக்கவுரிமைச் சட்டம் 'அவன், அவள் அல்லது அவர்கள்' என்றே எழுதப்பட்டிருந்தது. சட்டம் பெண்ணைத் தள்ளிவைக்கவில்லை. தள்ளிவைத்தது வேறொரு வழக்கு. மணமான பெண்ணின் சம்பாத்தியமும் சொத்தும் கணவனுடையவை என்று அக்காலச் சட்டம் கொண்டிருந்தது. தன் பெயரில் ஓர் உரிமை கிடைத்தாலும், அதை வைத்து அவள் என்ன செய்வது? ஹன்னாவின் நூல் கணவருடைய ஆலையின் நூலாயிற்று. பத்துப் பிள்ளைகளைப் பெற்றாள். நான்கு குழந்தைப் பருவத்திலேயே இறந்தன. 1812இல், பிள்ளைப்பேற்றின்பின் வந்த நோயால் முப்பத்தேழாம் வயதில் கண்ணை மூடினாள். பெய்ஸ்லியில் கிளார்க் ஆலை தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

ஹன்னாவின் அண்ணன் டேவிட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் குடும்பத்தின் கதை பாதியிலேயே நிற்கும். எம் கருத்தில் அந்த வீட்டின் பெரிய மூளை அவரே. தகப்பனின் பட்டறையில் பெரிய திருகுகளை வெட்டும்போது கருவியைக் கையில் பிடித்தே வெட்ட வேண்டும். கை சற்று நடுங்கினாலும் புரி கோணும். டேவிட் கருவியை நகரும் தாங்கி ஒன்றில் பூட்டி, அந்தத் தாங்கி தானாகவே நேர்கோட்டில் ஊரும்படி ஒரு கடைசல் இயந்திரம் செய்தார். 1798இல் ஆக்கவுரிமை பெற்றார். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் மோட்ஸ்லியும் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார். ஓர் இயந்திரம் இன்னோர் இயந்திரத்தைப் பிழையில்லாமல் செய்யலாம் என்ற நிலை இதனால் வந்தது. அந்த ஊரின் பெயர் நிலைத்ததற்குப் பஞ்சைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறோம். அதற்கும் முன்னர் எலைஜா ஓர்ம்ஸ்பீ என்பவரோடு சேர்ந்து நீராவியால் ஓடும் படகு ஒன்றையும் செய்து பார்த்திருக்கிறார். பணம் போடுவார் இல்லாமல் அதைக் கைவிட்டனர்.

1799இல் ஒஸியலும் மூன்று மருமக்களும் கூட்டுச் சேர்ந்து ஆற்றின் மறுகரையில் ஓர் ஆலை வைத்தனர். சாமுவேல் ஸ்லேற்றர், திமொதி கிரீன், வில்லியம் வில்கின்சன் ஆகிய மூவருமே ஒஸியலின் பெண்களை மணந்தவர்கள். பெயர்ப்பலகையில் மருமக்களின் பெயர். அவர்களை இணைத்து வைத்திருந்தது மூன்று சகோதரிகள். 1806இல் ஸ்மித் வில்கின்சன், முன்னர் பஞ்சு ஊட்டிய அதே சிறுவன், கொனெற்றிக்கட்டின் குவினபோக் ஆற்றங்கரையில் பொம்பிரெற் ஆலையை நடத்தப் புறப்பட்டார். 1810-11இல் ஒஸியல் பொட்டக்கெற்றில் கல்லால் ஓர் ஆலை கட்டினார். கீழ்த்தளத்தில் டேவிட்டின் இயந்திரப் பட்டறை. 1815இல் ஒஸியல் இறந்தார். இரண்டு ஆண்டுகளின் பின் வில்லியம் கில்மோர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் விசைத்தறி ஒன்றை அறிமுகப்படுத்தினார். அதன் வரைபடங்களைப் பாவிக்கும் உரிமையை டேவிட் பத்து டொலர் கொடுத்து வாங்கி, தறிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். நூற்பு மட்டும் நடந்த ஊருக்கு நெசவும் வந்தது. நெசவோடு தறியை ஓட்டும் இளம்பெண்களும் வந்தார்கள்.

1824 மே மாத இறுதியில் பொட்டக்கெற் ஆலை முதலாளிகள் கூடி, வேலை நேரத்தை ஒரு மணித்தியாலம் கூட்டுவதென்றும் விசைத்தறிப் பெண்களின் கூலியில் நாலிலொன்றைக் குறைப்பதென்றும் தீர்மானித்தனர். நூற்றிரண்டு நெசவுப் பெண்கள் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். ஊர்ச்சனம் அவர்கள் பக்கம் நின்றது. ஆலைகள் மூடிக் கிடந்தன. ஓர் ஆலைக்குத் தீயும் வைக்கப்பட்டது. ஜூன் முதல் வாரத்தில் இணக்கம் ஏற்பட்டது. அமெரிக்காவில் தொழிற்சாலையில் நடந்த முதல் வேலைநிறுத்தம் என்று இதனையே குறிப்பிடுகின்றனர். அந்த நூற்றிரண்டு பேரின் பெயர்களை எத்தனை பேருக்குத் தெரியும்? தறி செய்து விற்றவரின் பெயரல்ல அது, கூலிக்கு நின்றவர்களின் பெயர்.

1824 என்ற ஆண்டை வாசித்ததும் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். அதே ஆண்டில்தான் உடுவிலில் ஹரியற் வின்சுலோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். அவர் பிறந்த ஊர் கொனெற்றிக்கட்டின் நோர்விச். தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். ஸ்லேற்றர் பிற்காலத்தில் பெரிய ஆலைகளைக் கட்டி, 1835இல் இறந்த இடம் மசாசூசெற்சின் வெப்ஸ்ரர். அந்த ஊரின் பிரெஞ்ச் ஆறு தெற்கே ஓடி, குவினபோக் ஆற்றில் விழுகிறது. குவினபோக், ஸ்மித் வில்கின்சனின் ஆலையைக் கடந்து, மேரி கீஸின் கில்லிங்லியைத் தொட்டு, நோர்விச் அருகே சென்று மற்ற ஆறுகளோடு கலக்கிறது. ஒரே தண்ணீர். அந்தப் பள்ளத்தாக்கு பஞ்சாலைகளால் நிறைந்துவந்த காலத்தில் வளர்ந்த ஒரு பெண் உடுவிலுக்கு வந்து எங்கள் முன்னோருக்கு ஊசியும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தார். முப்பத்தாறாம் வயதில், 1833இல், இங்கேயே இறந்தார். வின்சுலோ அகராதியை அறியாத தமிழறிஞர் இல்லை. அகராதிக்காரரின் மனைவியை அறிந்தவர் அந்தப் பாடசாலை வட்டாரத்துக்கு வெளியே குறைவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷன் விடுதிப் பாடசாலைகளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, அவர்களின் செலவைக் கொடுத்த அமெரிக்க உபகாரிகளின் பெயர்களையே வைக்கும் வழக்கம் இருந்தது. வள்ளியும் சின்னாச்சியும் பதிவேட்டில் வேறு பெயரோடு நின்றனர். படிப்புக் கிடைத்தது, பெயர் போயிற்று. அதை நன்றியோடும் நினைக்கலாம், நெஞ்சு நோகவும் நினைக்கலாம். நாம் இரண்டையும் சேர்த்தே நினைக்கிறோம்.

பஞ்சு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் விடலாகாது. சூரினாமின் பருத்தி அடிமைகளின் கையால் பறிக்கப்பட்டது. மோசஸ் பிரவுண் 1773இல் தம் அடிமைகளை விடுவித்தவர், அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் போராடியவர். அவரது பணத்தில் எழுந்த ஆலைக்கு அடிமைப் பஞ்சு. 1794இல் எலி விற்னி பருத்திக் கொட்டை நீக்கும் பொறிக்கு உரிமை பெற்றபின் தெற்கு மாநிலங்களில் பருத்தித் தோட்டம் பெருகியது, அடிமைகளும் பெருகினர். ரோட் ஐலண்ட் ஆலைகள் அந்த அடிமைகள் உடுக்கும் முரட்டுத் துணியையும் நெய்து விற்றன. ஹன்னாவின் மென்மையான நூலின் மறுமுனையில் முகம் தெரியாத வேறு பெண்களின் விரல்கள் இருந்தன.

1829இல் பஞ்சாலை வியாபாரம் சரிந்தது. ஏபிரகாமும் ஐசாக்கும் நடத்திய தொழில் முறிந்தது. டேவிட்டும் எல்லாவற்றையும் இழந்தார். மைத்துனர்களின் கடன் பத்திரங்களுக்குப் பிணை நின்ற ஸ்லேற்றரும் பங்குகளை விற்றே தப்பினார். டேவிட் குடும்பத்தோடு நியூயோர்க் மாநிலத்தின் கோகோஸ் ஊருக்குப் போய்விட்டார். முதுமையில் வேலை தேடி ஊர் ஊராய் அலைந்தார். அவருடைய கடைசல் இயந்திரத்தை அரசாங்க ஆயுதசாலைகள் நீண்டகாலம் இலவசமாகப் பாவித்து வந்திருந்தன. 1848இல் அமெரிக்க காங்கிரஸ் அதற்காகப் பத்தாயிரம் டொலர் வழங்கியது. ஐம்பது வருடம் பிந்தி வந்த பணம்! 1852இல் கனடாவில் காலமானார். உடலைப் பொட்டக்கெற்றுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

1793இன் மர ஆலையையும் ஒஸியலின் கல் ஆலையையும் சில்வேனஸ் பிரவுணின் வீட்டையும் ஒரே வளவில் இன்றும் பார்க்கலாம். 2014 முதல் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக உள்ளது. பொஸ்ரன் பக்கம் வாழும் எம் சகோதரிகளுக்கு ஒரு மணித்தியால ஓட்டம்தான். அதே ஊரில் 1860களின் கடைசியில் கொனன்ற் என்பவர் பெரிய நூல் ஆலை ஒன்றை நிறுவினார். அங்கே செய்யப்பட்டது கோற்ஸ் நூல். எம் பிஸ்கற் பேணியின் பெய்ஸ்லி நூலுக்குப் பொட்டக்கெற்றில் ஒரு பிறந்தகம் உண்டு என்பதை இதை எழுதப் புகுந்த பின்னர்தான் அறிந்துகொண்டோம். அந்த ஆலைக் கட்டடங்கள் 2020 மார்ச்சில் தீயில் எரிந்தன.

இம்மலருக்காகச் சங்கத்தின் பழைய அங்கத்தவர் பதிவேடுகளைப் புரட்டியபோது பக்கம் பக்கமாகத் 'திருமதி' என்ற சொல்லும் அதன் பின்னால் ஓர் ஆணின் பெயரும் இருந்தன. செயலாளராய் இருந்தவர், கட்டட நிதிக்கு வீடு வீடாய்ச் சென்றவர், நாடகம் எழுதியவர் எல்லோருமே அப்படித்தான். சிலருடைய சொந்தப் பெயரை அவர்களோடு படித்தவர்களைக் கேட்டுக் கண்டுபிடித்தோம். சிலருடையது இன்னும் கிடைக்கவில்லை. மலரின் கடைசியில் உள்ள பட்டியலில் அவ்விடங்களை வெற்றாக விட்டிருக்கிறோம். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சிட்னியிலோ உள்ளூரிலோ இதை வாசிக்கும் எவருக்காவது அந்தப் பெயர்களுள் ஒன்று தெரிந்தால், அவர் படித்த ஆண்டையும் குறித்துச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள்.